தொட்டவர்கள் மாட்டிய பலகை

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் 'நாற்காலியில் உட்காராதீர்கள்' என்று எழுதி ஒட்டுவது கொஞ்சம் அநாகரிகம். அதனால் இருக்கையின் நடுவில் காய்ந்த பைன் காய் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் முள்முள்ளாக நிற்கும் ஒரு காட்டுப்பூ. நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கும் வீடுகளில் இது சர்வசாதாரணம். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை வந்தவரின் பின்புறமே யோசித்துக்கொள்ளட்டும். வாய் திறக்காமல், முகம் சுளிக்காமல், 'இது உனக்கான இடமில்லை' என்று சொல்வதற்குப் பல தலைமுறைப் பயிற்சி வேண்டும். அவர்களுக்கு அது உண்டு.

அந்த நாட்டில், 2019 செப்டம்பரில், ஒரு மாளிகை ஒரே ஓர் இருக்கையை மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தாராளமாக உட்காரலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். அது கக்கூஸ்.

தங்கக் கக்கூஸ். பதினெட்டு காரட், எடை ஏறக்குறைய நூறு கிலோ. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டலான் செய்தது, பெயர் 'அமெரிக்கா'. 2016இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகக் கழிவறையில் பொருத்தப்பட்டு, ஒரு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று பயன்படுத்திய பொருள். அதை ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் உள்ள பிளென்ஹைம் அரண்மனைக்குக் கொண்டுவந்து, வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த அறைக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாயோடு இணைத்து வைத்தார்கள். ஒரு விழுக்காட்டினரின் கலையைத் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டினருக்குக் கொடுப்பதுதான் இதன் தத்துவம் என்று விளக்கமும் இருந்தது. கொடுத்தார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

திருட்டுப் போகாதா என்று பத்திரிகைக்காரர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். கண்காட்சியை நடத்திய அறக்கட்டளையின் நிறுவனர், அந்த அரண்மனையின் டியூக் குடும்பத்தவர், குழாயோடு பொருத்தியதைத் தூக்கிக்கொண்டு போவது அவ்வளவு சுலபமில்லை, அதற்கு நான் காவல் இருக்கப்போவதுமில்லை என்கிற தோரணையில் பதில் சொல்லியிருந்தார். செப்டம்பர் 14, விடியுமுன், ஐந்து பேர் திருட்டு வண்டிகளில் வந்து சம்மட்டியால் அடித்துப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வேலை முடிய ஐந்து நிமிடம். பிய்ந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு, உலகப் பாரம்பரியச் சின்னத்தின் தரையில் ஓடியது. வழக்கு முடிந்து தண்டனை வர 2025 ஆயிற்று. தங்கம் கிடைக்கவில்லை. துண்டுபோட்டு விற்றிருப்பார்கள் என்றுதான் போலீஸும் நினைக்கிறது.

திருடர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், கலைக்கும் மக்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும் என்ற அழைப்பை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டவர்கள் அந்த ஐந்து பேர்தான்.

சிரிப்பு வருகிறது. அந்த மாளிகையின் பழைய கணக்கைப் பார்த்தால் அடங்கிவிடும். பிளென்ஹைம், 1704 போரில் ஜெயித்ததற்காக முதலாம் மார்ல்பரோ டியூக்குக்குக் கிடைத்த பரிசு. நிலம் அரசியுடையது, கட்டும் செலவு பொதுப்பணம். டியூக் தம்பதிக்கும் அரசிக்கும் மனக்கசப்பு வர, 1712இல் பணம் நின்றது. அதற்குள் 2,20,000 பவுண்ட் கரைந்திருந்தது. வேலை செய்தவர்களுக்குக் கூலி பாக்கி மட்டும் 45,000 பவுண்ட். கல்லைக் கையால் தொட்டு, செதுக்கி, தூக்கி வைத்தவர்கள் அவர்கள். முந்நூறு ஆண்டு கழித்து அவர்களின் வழிவந்தவன் ஒருவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால், மூன்று நிமிடம் தங்கத்தின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பாக்கி தீர்ந்தது.

பிளென்ஹைம் ஒரு மோஸ்தரின் உச்சம், அவ்வளவே. இன்று பிரிட்டனில் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் ஒரு புதுக்கலைஞரின் கைவேலை எங்காவது மூலையில் நின்று உங்களை உறுத்துப் பார்க்கும். நேஷனல் டிரஸ்ட் இதற்கென்று 2009இல் ஆர்ட்ஸ் கவுன்சிலோடு சேர்ந்து 'டிரஸ்ட் நியூ ஆர்ட்' என்ற திட்டமே தொடங்கியது. லண்டனில் கட்டடக்கலைஞர் ஜான் சோன், தான் விட்டுப்போகும் நிலையிலேயே வீடு இருக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்கிவைத்துவிட்டு 1837இல் கண்ணை மூடினார். 2016இல் அந்த வீட்டுக்குள் சாரா லூகாஸின் சிற்பங்கள் வந்தன: தோழிகளின் இடுப்புக்குக் கீழான உடலைப் பிளாஸ்டரில் வார்த்து, சிகரெட் செருகியவை. சோனின் சட்டம் சிகரெட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு கடைசியாக வாழ்ந்த ஹாம்ப்ஸ்டெட் வீட்டில் 1999இல் சோஃபி கால் ஒரு திருமண உடையை அந்தப் புகழ்பெற்ற சாய்மஞ்சத்தின்மேல் கிடத்தினார். எழுத்தாளர்களான பிரான்டே சகோதரிகளின் ஹாவர்த் வீட்டில் 2006இல் கார்னீலியா பார்க்கர் அவர்களுடைய முடியையும் இறகுப்பேனாவையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுத்து மாட்டினார்.

இவற்றில் சில நல்ல வேலைகள். மஞ்சத்தின்மேல் கிடந்த அந்த உடை, ஃபிராய்டைப் பற்றிய பத்து ஆய்வேடுகளுக்குச் சமம் என்பேன். கலைஞர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது. வருகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. கொஞ்சம் இளசுகள் வந்தாலும், இவ்வளவு வெள்ளிச் சாமான் எந்தக் காசில் வாங்கியது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் ஆபத்து. ஆகவே ஒரு கலைஞரைக் கூப்பிடுகிறார். கலைஞர் ஒரு நூல்கண்டையும் கொஞ்சம் உப்பையும் ஓர் ஒலிபெருக்கியையும் வைத்துவிட்டுப் போவார். பக்கத்துச் சுவரில் ஒரு குறிப்பு: 'இப்படைப்பு, இல்லாமையின் இருப்பை விசாரிக்கிறது. மௌனங்களோடு உரையாடுகிறது. இடத்தின் அடுக்குகளுக்குள் தலையிடுகிறது.' எல்லா வீட்டிலும் இதே விசாரணைதான் நடக்கிறது. யார் யாரை விசாரித்தார்கள், என்ன தீர்ப்பு, நஷ்டஈடு எவ்வளவு என்பது மட்டும் எந்தச் சுவரிலும் வருவதில்லை.

கண்காட்சி முடிந்ததும் உப்பைப் பெருக்கி அள்ளிவிடுவார்கள். வெள்ளிச் சாமான் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது புத்தகங்களுக்கு நடப்பது. ஓவியர் புத்தகம் என்று ஒரு வகை உண்டு. ஓவியரைப் பற்றிய புத்தகமில்லை. ஓவியர் புத்தகத்தையே படைப்பாகச் செய்வது. தாளின் கனம், மடிப்பு, தையல், புரட்டும்போது எழும் சத்தம், அடுத்த பக்கத்துக்கு முந்தைய அந்த அரை நொடி, எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. இன்று நாம் அறியும் உருவில் இது பரவியதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1963இல் கலிபோர்னியாவில் எட் ருஷே என்ற ஓவியர், தான் எடுத்த இருபத்தாறு பெட்ரோல் பங்குகளின் படங்களை ஒரு சின்னப் புத்தகமாக 400 பிரதி அச்சிட்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. மனிதர் அந்த நிராகரிப்பையே பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டு, பிரதி மூன்று டாலர் என்று விற்றார். 1976இல் நியூயார்க்கில் சால் லெவிட், லூசி லிப்பார்ட் முதலானோர் 'பிரிண்டட் மேட்டர்' தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான்: கேலரிக்காரனையும் பணக்காரன் வீட்டு வரவேற்பறையையும் தாண்டி, கலை மலிவுக் காகிதமாக ஜனங்களின் கைக்குப் போகட்டும்.

ருஷேயின் அந்தப் புத்தகம் இப்போது எங்கே? முதல் பதிப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. இந்த வகையறா முழுவதும் இப்போது பணக்காரன் வீட்டு வரவேற்பறைக்கே வந்து சேர்ந்திருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே நுரைப்பஞ்சுத் தொட்டிலில் புத்தகம் சாய்ந்திருக்கும். பக்கம் தானே புரண்டுவிடக் கூடாதென்று இரண்டு ஓரத்திலும் ஒளி ஊடுருவும் பட்டை கட்டியிருக்கும். மூலையில் ஈரப்பதம் பார்க்கும் சின்னக் கருவி. வெளிச்சம் மங்கல். எந்த இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பொறுப்பாளர் முடிவு செய்திருப்பார். நாற்பது பக்கப் புத்தகமென்றால் மீதி முப்பத்தெட்டு உங்களுக்கு இல்லை. பாடகரைக் கூட்டிவந்து வாயில் துணி அடைத்து மேடையில் நிறுத்திவிட்டு, கச்சேரி என்று டிக்கெட் விற்பது போலத்தான் இதுவும். சுவர்க்குறிப்போ, 'இந்நூல் தொடுதலின் நெருக்கத்தைக் கொண்டாடுகிறது' என்று கூசாமல் பேசும். கொண்டாட்டம் உள்ளே, நாம் வெளியே.

பாதுகாப்பு என்பார்கள். பழங்காகிதத்துக்கு வெளிச்சம் எமன், ஈரம் எமன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருஷம் அச்சான புத்தகத்துக்கு என்ன ஆபத்து வந்தது? இன்னொரு பிரதியை மேசையில் வைத்தால் எந்த வானம் இடிந்து விழும்? படம் காட்டுவதற்கென்று வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் நாடகம். கையுறை போட்டால் தாளின் மென்மை விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம். சுத்தமாகக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது என்று பெரிய நூலகங்களே சொல்லிப் பல வருஷமாகிறது. விரல் பட்டால் கெட்டுப்போவது காகிதமில்லை, விலை.

ஃபிராய்டு புதிதாக ஒரு பழம்பொருள் வாங்கினால் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாராம். அந்த மனிதரின் வீடு இப்போது கயிறு கட்டிக் கிடக்கிறது. 1994இல் சூசன் ஹில்லர் அங்கே பழுப்பு அட்டைப்பெட்டிகளில் துண்டுத் துணுக்குகளை அடுக்கி ஓர் அருமையான காரியம் செய்தார். பிறகு அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். பெட்டிகள் பின்னால் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்புக்குப் போயின. புத்தகமாவது கையில் எடுக்கக் கிடைத்தது.

ஹாவர்த் கதை இன்னும் கொடுமை. 1826இல் அப்பா வாங்கிவந்த பன்னிரண்டு மரச்சிப்பாய்களுக்காக, பிரான்டே வீட்டின் தாயில்லாத நான்கு பிள்ளைகள் பத்திரிகை நடத்தினார்கள். சர்க்கரை சுற்றிவந்த காகிதத்தை வெட்டி, ஊசிநூலால் தைத்து, அச்சு எழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதினார்கள். சிப்பாய்கள் படிக்க வேண்டுமே, அதனால் தீப்பெட்டி அளவு. 1830இல் அவர்களில் ஒருத்தியான பதினான்கு வயது சார்லட் செய்த ஓர் இதழில் இருபது பக்கத்துக்குள் 4,000 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. உலகத்தில் ஓவியர் புத்தகம் என்று ஒன்று உண்டென்றால் அது இது.

2011இல் லண்டன் ஏலத்தில் இந்த இதழை, அது பிறந்த வீடே வாங்க முயன்று தோற்றது. 6,90,850 பவுண்ட் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது அரிஸ்டோஃபில் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் அருங்காட்சியகம். அந்த நிறுவனத்தின் தொழில் என்ன தெரியுமா? கையெழுத்துப் பிரதிகளைப் பங்குகளாகப் பிரித்து, லாபம் வரும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் விற்பது. ஒரு சிறுமியின் விளையாட்டுப் புத்தகம் சீட்டுக் கம்பெனிச் சரக்கானது. கம்பெனி மோசடி விசாரணையில் சிக்கி மூழ்கிற்று. சரக்கு ஏலத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் பாரிஸில், நன்கொடை திரட்டி, 6 லட்சம் யூரோவுக்கு ஹாவர்த் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2022இல் இன்னொன்று: சார்லட் பதின்மூன்று வயதில் செய்தது, சீட்டுக்கட்டின் ஒரு சீட்டைவிடச் சின்னது. விற்பவர் யாருமில்லை என்று அவளே விளையாட்டாகக் குறித்திருந்த அந்தப் புத்தகத்தின் விலை 12.5 லட்சம் டாலர். நூலக நண்பர்கள் அமைப்பு ஒன்று வாங்கி வீட்டுக்குப் பரிசளித்தது. நல்லவர்கள். இந்தப் பிரதிகளை யாரும் புரட்டக் கூடாதுதான், நானே கேட்கமாட்டேன். ஆனால் சர்க்கரைத்தாள் போன்ற ஒரு தாளில், அதே அளவில், தைத்த ஒரு நகலை ஒரு குழந்தையின் கையில் கொடுக்க எத்தனை யூரோ ஆகும்?

சரி, தொடாதே என்ற பலகையை மாட்டியவர்களின் கைகளுக்கு வருவோம்.

வேல்ஸில் போவிஸ் கோட்டை இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் வசம். அதற்குள் கிளைவ் சேகரிப்பு. இந்தியாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் போன 300க்கும் மேற்பட்ட பொருட்கள். அப்பா ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாக வந்திறங்கியவர், 1751இல் ஆற்காட்டைப் பிடித்தவர். மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு செத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. எல்லாம் இந்த கவர்னர் காலத்துக் கைங்கரியம். திப்புவின் அரியணையிலிருந்து வந்த புலித்தலை ஒன்று, ரத்தினம் பதித்த தங்கம், இன்று போவிஸில் இருக்கிறது. திப்புவின் பூப்போட்ட சீட்டித்துணிக் கூடாரமும் இருக்கிறது. அந்தக் கூடாரத்தைக் குடும்பம் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டுத் தேநீர் குடித்திருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இப்போது அதே துணி கண்ணாடிக்குப் பின்னால். தயவுசெய்து தொடாதீர்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். ரத்தம் இருந்த விரல்கள் தொட்டபோது துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்டே ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் வசமுள்ள இடங்களில் 93 இடங்களுக்குக் காலனியத்தோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு உண்டென்று பெயர் பெயராகச் சொன்னது. சர்ச்சிலின் சார்ட்வெல் வீடும் பட்டியலில் இருந்தது. வந்தது பாருங்கள் கோபம். அப்போதைய ஆளுங்கட்சி எம்.பி.க்கள் கடிதம் எழுதினார்கள், பத்திரிகைகள் பொங்கின, டிரஸ்டைக் 'காப்பாற்ற' ஒரு குழுவே முளைத்தது. அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் எந்த விதியையும் மீறவில்லை என்று 2021இல் சொல்ல வேண்டியிருந்தது.

கவனியுங்கள், தங்கக் கக்கூஸுக்கு இப்படி யாரும் பொங்கவில்லை. சர்ச்சில் பிறந்த அறைக்குப் பக்கத்தில் ஊரார் வந்து மலம் கழிக்கலாம். சர்ச்சிலின் வீட்டை ஒரு பட்டியலில் சேர்க்கக் கூடாது. இப்படிப்பட்ட கணக்கு ஆண்டைச் சொல்லும், தொகையைச் சொல்லும். யார்க்‌ஷையரின் ஹேர்வுட் மாளிகைக் குடும்பம், அடிமைமுறை ஒழிந்தபோது, தங்களிடமிருந்த 1,200க்கும் மேற்பட்ட மனிதர்களுக்காக 26,000 பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு பெற்றது என்று சொல்லும். அடிமைகளுக்கு எவ்வளவு? சல்லிக்காசு இல்லை. (இன்றைய ஹேர்வுட்காரர்கள் இதை மறைப்பதில்லை; அந்த அளவுக்காவது நாணயம் இருக்கிறது.) கலையோ 'நினைவின் அடுக்குகள்' என்று சொல்லும். எந்த வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டாம். மாளிகைக்கு வேண்டியது மனசாட்சியின் சாயல். கணக்கு வழக்கு இல்லாத மனசாட்சி. கண்காட்சி முடிந்ததும் சுருட்டிவைக்கக்கூடிய மனசாட்சி.

அழைக்கப்படும் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைக் கூப்பிட்டால் போங்கள், காசும் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யும் புத்தகத்தின் ஒரு பிரதி, பெட்டிக்கு வெளியே, மேசையில், நாற்காலியோடு இருக்க வேண்டும்; கிழிந்தால் இன்னொன்று வைக்க வேண்டும். அந்த அறையிலுள்ள ஒவ்வொரு பொருளும் யாரிடமிருந்து, எந்த ஆண்டு, என்ன விலைக்கு அல்லது விலையே இல்லாமல் வந்தது என்பதை உங்கள் பெயருக்கு மேலே, உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டில் உங்கள் கலை நாற்காலிமேல் வைத்த இன்னொரு முள், அவ்வளவுதான்.

படிக்கவும் பிழைக்கவும் அந்த நாட்டுக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விடுமுறையில் அருவிக்கும் கால்பந்து மைதானத்துக்கும் போவது போல ஒருமுறை போவிஸுக்கும் போங்கள். அறையில் நிற்கும் தொண்டர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒரு நல்ல அம்மாளாக இருப்பார்; அவர்மேல் குற்றமில்லை, மரியாதையாகவே பேசுங்கள். புலித்தலையைக் காட்டி, இது இங்கே எப்படி வந்தது, எப்போது திரும்பப் போகும் என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காதில் விழும்படி கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தில் அதுவும் சேர்த்தி.